சங்ககிரிச் சாலையில் பதின்மூன்று மைல்

1

போன வாரம் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் என் வலது முழங்காலை மடக்கிப் பார்த்து, நீட்டிப் பார்த்து, இனிமேல் ஓடக்கூடாது என்று சொன்னார். இங்கிலீஷில்தான் சொன்னார். எனக்குப் புரிந்தது. ஆனாலும் கூட வந்திருந்த என் மூத்த மகள் ரோஸுக்கு அப்பாவுக்குப் புரிந்திருக்காது என்று ஒரு சந்தேகம். அவளுக்குத் தெரிந்த தமிழில் எடுத்துச் சொன்னாள்.

"அப்பா, உங்க முட்டி செத்துப் போச்சாம்."

தேய்ந்துவிட்டது என்று சொல்ல வந்தாள். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்குச் சிரிப்பு வந்தது. என்னைப் பார்த்து, நீங்கள் ஒரே மூச்சில் அதிகமாக ஓடியது எவ்வளவு தூரம் என்று தமிழிலேயே கேட்டார். பதின்மூன்று மைல் என்றேன். கோலாலம்பூர்ப் பந்தயத்திலா என்றார். இல்லை, சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போய்த் திரும்பி வந்தது என்றேன். கேள்விப்படாத ஊரின் பெயருக்கு எப்படித் தலையாட்டுவார்களோ அப்படித் தலையாட்டிவிட்டு, தேய்த்துக்கொள்ள ஒரு தைலம் எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ரோஸ் கேட்டாள், அந்த ஊரில் அப்போது பஸ் இல்லையா என்று. இருந்தது என்றேன். பிறகு எதற்கு ஓடினீர்கள் என்றாள். அவளுக்குப் புரிகிற தமிழில் அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. அவளும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தச் சாலையைத் தெரிந்த நம் ஊர்க்காரர்கள் உங்களுக்காவது எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

உன் நாள் அங்கே எப்படிப் போகிறது என்று ஊரிலிருந்து யார் கேட்டு எழுதினாலும், நன்றாகப் போகிறது என்றுதான் பதில் எழுதுவேன். உண்மையில் அது ஒரே மாதிரிப் போகிறது. ரயில்வே பட்டறையின் ஸ்டோரில் நான் கிராணி. அதாவது, நம் ஊர்க் குமாஸ்தா. காலையில் சங்கு ஊதும். போல்ட்டு, நட்டு, பித்தளைக் குழாய் என்று கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். மாலையில் மறுபடி சங்கு ஊதும். வீட்டுக்கு வந்தால் என் மனைவி பிலோமினாவும் பிள்ளைகளும் அவர்களுக்குள் ஒரு கலவை மொழியில் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் நுழைந்ததும் மரியாதைக்காகத் தமிழுக்கு மாறுவார்கள். பேச்சு குறைந்துவிடும். பிலோமினா இங்கேயே பிறந்தவள். அவள்மேல் குற்றமில்லை.

உட்கார்ந்தே இருந்ததில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. பட்டறையில் டைப் அடிக்கிற லிம் என்ற சீனர் தினமும் மாலையில் திடலைச் சுற்றி ஓடுவார். ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அது காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஊரின் எல்லையில் முள்கம்பியும் சோதனையும் இருக்கும், இருட்டினால் ஊரடங்கு. சாலையில் இறங்கி ஓட முடியாது. அதனால் திடலையே சுற்றிச் சுற்றி வருவோம். முதல் மாதம் வாந்தி வந்தது. பிறகு பழகிவிட்டது. அந்த ஒரு மணி நேரம் என்னை யாரும் எதையும் எடுத்துக் கொடு என்று கேட்கவில்லை. அதற்காகவே போனேன் என்று நினைக்கிறேன்.

யுத்தத்துக்கு முந்தின வருஷம் கப்பலேறியவன் நான். யுத்தம், அதற்குப் பின் கல்யாணம், பிள்ளைகள் என்று தள்ளிப்போய், ஊருக்கு முதல்முறையாக லீவு கிடைத்தபோது பதினெட்டு வருஷம் ஓடியிருந்தது. நானும் பிலோமினாவும் பிள்ளைகளும் எல்லோருமாக வர வழியில்லை. தங்கைக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது, நீ ஒருவனாவது வா என்று அம்மா எழுதச் சொல்லியிருந்தாள். நான் மட்டும் புறப்பட்டேன்.

நாகப்பட்டினத்தில் சுங்கக்காரர் என் பெட்டியைத் தலைகீழாகக் கொட்டினார். விற்பதற்குக் கொண்டுவந்த சாமான் ஏதாவது இருக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு. துணிகளுக்கு அடியில் என் கான்வாஸ் சப்பாத்துகள் இருந்தன. அடி தேய்ந்து, விரல் பக்கம் பிய்ந்தவை. இது என்ன என்றார். ஓடுவதற்கு என்றேன். யாருக்குப் பயந்து என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பதினெட்டு வருஷம் கழித்துச் சொந்த மண்ணில் என்னோடு நடந்த முதல் பேச்சு அதுதான்.

3

எங்கள் வீடு சேலம் சூரமங்கலத்தில், ஜங்ஷனுக்குப் பக்கத்தில். அப்பா ரயில்வேயில் இருந்து காலமானவர். வீட்டில் அம்மாவும் தங்கை லூர்துவும் மட்டும். நான் போகும்போது லூர்து பத்து வயதுப் பெண். அண்ணா நீ, அண்ணா வா என்று காலைக் கட்டிக்கொள்கிறவள். இப்போது கன்யாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் டீச்சர். டிரெய்னிங் படித்தவள். ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணா, பிரயாணம் சௌக்கியமா இருந்துச்சுங்களா?" என்றாள். அந்த 'வாங்க'வைக் கேட்டதும் ஒரு விருந்தாளியாக வந்து இறங்கியிருக்கிறேன் என்று தெரிந்துகொண்டேன்.

மறுநாளிலிருந்து வீட்டில் கூட்டம். ஒருவருக்குத் தன் மகனை அங்கே வேலையில் சேர்த்துவிட வேண்டும். ஒருவருக்கு அங்கே போய்க் காணாமல் போன சித்தப்பாவைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். கைக்கடிகாரம் கேட்டவர்கள், தலைவலித் தைலம் கேட்டவர்கள், சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள். எல்லோரும் அங்கே எப்படி என்று கேட்டார்கள். நல்லா இருக்கு என்று எல்லோருக்கும் சொன்னேன். மாலைக்குள் வாய் வலித்தது. படுத்தால் இன்னும் கப்பலிலேயே இருப்பதுபோலத் தலை ஆடியது.

நான்காம் நாள் விடியும் முன் எழுந்து, அரை டிராயரும் பனியனும் போட்டுக்கொண்டு, கருப்பூர் போகிற சாலையில் ஓட ஆரம்பித்தேன். சுற்றிச் சுற்றி வரவேண்டியதில்லை, நேராகப் போய்க்கொண்டே இருக்கலாம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. வெள்ளைக்கல் சுரங்கத்திலிருந்து வருகிற லாரிகள் தூவிவிட்டுப் போன மாவில் என் கால்கள் முழங்கால்வரை வெளுத்தன. மார்கழிப் பனி. இரண்டு பக்கமும் கடலைக்காய் பிடுங்கிய காடுகள். எங்கோ கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கிற சத்தம்.

ஆனால் நம் ஊர்ச் சாலையில் ஒருவன் காரணமில்லாமல் ஓடிவிட முடியாது. ஒரு வண்டிக்காரர் மாட்டை நிறுத்தி, "ஏனுங்க, ஊட்டுல யாருக்கு என்னாச்சுங்க?" என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை. காலைப் பஸ்ஸின் கண்டக்டர் மணியடித்து வண்டியை எனக்காக நிறுத்தினார். "ஏறுங்க சாமி, காசு அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். வேண்டாம் என்றதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் ஒரு போலீஸ்காரர் சைக்கிளைக் குறுக்கே போட்டு நிறுத்தினார். எங்கிருந்து ஓடி வருகிறாய் என்று அதட்டினார். எனக்கு மூச்சு வாங்கியது. ஊர் எது என்று கேட்கிறார் என்று நினைத்து, மலேயாவிலிருந்து என்று சொல்லிவிட்டேன். என் தமிழ் பதினெட்டு வருஷத்தில் அவ்வளவு மழுங்கியிருந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விஷயத்தைக் கேட்டுச் சிரித்து, விட்டுவிட்டார். ஆனால் பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் முதல் பாதியை மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

அந்த வாரம்தான் சலூனில் ஒரு நோட்டீஸைப் பார்த்தேன். சங்ககிரியில் லாரித் தொழிலில் உள்ள சிலர் சேர்ந்து ஓட்டப்பந்தயம் வைத்திருக்கிறார்கள். சங்ககிரியில் புறப்பட்டு, திருச்செங்கோடு மலையடிவாரத்தைத் தொட்டுத் திரும்ப வேண்டும். பதின்மூன்று மைல். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அதுவரை எட்டு மைலுக்கு மேல் ஓடியதில்லை. முடி வெட்டிக்கொண்டு எழுந்தவன், அங்கேயே சவரிமுத்து என்று பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த லீவில் யாருடைய வேண்டுகோளும் இல்லாமல் நான் செய்த காரியம் அது ஒன்றுதான்.

4

லூர்துவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை சூசைராஜ். சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. நல்ல பையன், அதிகம் பேசமாட்டான் என்றார்கள். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கிவிட்டால் கோவிலில் கல்யாணம் கிடையாது, அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நாள் குறித்து, கோவிலில் முதல் ஓலையும் வாசித்தாகிவிட்டது. இப்படி மூன்று ஞாயிறு பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் பூசையில் வாசித்து, தடை சொல்கிறவர் யாரும் இல்லை என்றால்தான் கல்யாணம்.

முதல் ஓலைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையின் அப்பா அந்தோணிசாமி வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றிப் பேசினார். பிறகு, லீவு எதுவரை என்றார். டிக்கெட் எடுத்தாயிற்றா என்றார். அப்புறம்தான் விஷயம் வந்தது. சவரிமுத்து மலேயாவிலிருந்து ஓடிவந்துவிட்டான், வேலை போய்விட்டது, அங்கே ஏதோ வம்பு, அதனால்தான் விடியுமுன் ஒளிந்து ஒளிந்து ஓடுகிறான் என்று சங்ககிரிவரை பேச்சு போயிருக்கிறது. நான் உள்ளே போய்த் திரும்பும் டிக்கெட்டை எடுத்துவந்து காட்டினேன். அதைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"அப்பச் செரிங்க. கண்ணாலம் முடிஞ்சு பையனை எப்பக் கூட்டிக்கறீங்க?" என்றார்.

எனக்கு அப்போதுதான் தெரிந்தது, இந்தச் சம்பந்தமே அதற்காகத்தான் என்று. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பார்க்கலாம் என்று நான் முனகினேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். எழுந்து போகும்போது, கல்யாணம் முடியும்வரை இந்த ஓட்டத்தை மட்டும் நிறுத்திவையுங்கள், நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அழுதாள். இருபத்தெட்டு வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு அவள் பட்டதை எல்லாம் சொன்னாள். பந்தயம் ஞாயிற்றுக்கிழமை, பூசையையும் விட்டுவிடுவாய், அன்றைக்குத்தான் இரண்டாவது ஓலை என்றாள். எனக்கும் அலுத்துப்போயிருந்தது. சரி, ஓடவில்லை என்று சொன்னேன். சப்பாத்துகளைப் பெட்டியில் வைத்தேன்.

லூர்து கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள். "இப்ப நிறுத்துனீங்கன்னா அவங்க சொன்னது நெசம்னு ஆயிடும்ணா. ஓடுங்க."

அம்மா அவளை ஏசினாள். அவள் அடுத்த நோட்டை எடுத்தாள். நான் கோவில் சாமியாரிடம் போய், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வரமுடியாது என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓடிவிட்டு வந்து பாவசங்கீர்த்தனம் செய், வேறென்ன சொல்ல என்றார். அவரும் களைத்துப்போன மனுஷர்தான்.

5

பந்தயத்தன்று விடியற்கால ரயிலில் சங்ககிரி போய் இறங்கினேன். கோட்டை மலைக்குக் கீழே லாரிகள் நிற்கிற மைதானத்தில் முப்பது பேருக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடியிருந்தார்கள். போலீஸ்காரர்கள், மில் தொழிலாளிகள், ஒரு தபால்காரர், ஹைஸ்கூல் பையன்கள். முக்கால்வாசிப் பேருக்கு வெறுங்கால். என் சப்பாத்தைப் பார்த்து வழிவிட்டார்கள். பெரிய ஓட்டக்காரன் என்று நினைத்திருப்பார்கள். அந்த நினைப்பு முதல் மைலிலேயே போயிருக்கும்.

போகும்போது வெயில் முகத்தில் அடித்தது. எதிரே திருச்செங்கோட்டு மலை சிவப்பாக நின்றது. அந்த மலை ஒரு பெரிய சிரமம். புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் தெரிய ஆரம்பித்துவிடுகிறது. பிறகு எவ்வளவு ஓடினாலும் அதே இடத்தில் இருக்கிறது. சாலையோரத்தில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒரு அம்மாள் சொம்பில் மோர் கொண்டுவந்து நீட்டினாள். குடித்தால் வயிறு பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்தும், அவள் முகத்துக்காகக் குடித்தேன். மலையடிவாரத்தில் ஒருவர் எங்கள் கையில் நீல மையால் ஒரு கோடு போட்டு அனுப்பினார். திரும்பும்போது எனக்கு முன்னால் யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. பின்னால் தபால்காரர் ஒருவர்தான். கொஞ்ச தூரத்தில் அவரும் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒன்பதாவது மைலோ பத்தாவதோ இருக்கும். தண்ணீர் டின்னைக் கட்டிய சைக்கிள் ஒன்று என் பக்கத்தில் வந்து மெதுவாக உருண்டது. கடைசியாக வருகிறவர்களுக்குத் துணையாகப் பந்தயக்காரர்கள் அனுப்பிய ஆள். நிமிர்ந்து பார்த்தால் சூசைராஜ். கல்யாண நாள் குறிக்க வந்த அன்று பார்த்ததற்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன்.

"தண்ணி வேணுங்களா மச்சான்?" என்றான்.

வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டேன். அவன் போய்விடவில்லை. கூடவே வந்தான். ஏதோ கேட்க நினைத்து, ஒவ்வொரு புளியமரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வருவது தெரிந்தது. கடைசியில் கேட்டுவிட்டான்.

"மச்சான், அந்த ஊரு எப்படிங்க? எங்கப்பன் போ போங்கறாரு. எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. நெசமாச் சொல்லுங்க."

நூறு பேருக்குச் சொன்ன பதிலை அவனுக்கும் சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு சிரிப்பு வேண்டும், குரலில் ஒரு தெம்பு வேண்டும். இரண்டுமே என்னிடம் மிச்சமில்லை. தொடைகள் கல்லாகியிருந்தன. வாயைத் திறந்தால் எது இருக்கிறதோ அதுதான் வரும் என்கிற நிலை.

"நல்லா இல்ல" என்றேன். "வராதே."

எனக்கு மூச்சு விட்டு விட்டு, பேச்சும் விட்டு விட்டு வந்தது. சாப்பாடு நன்றாக இருக்கிறது, துணி நன்றாக இருக்கிறது, நான்தான் நன்றாக இல்லை என்றேன். என் பிள்ளைகளுக்கு நான் பேசுவது பாதி புரியாது, எனக்கு அவர்கள் பேசுவது பாதி புரியாது, அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதுகூட இல்லை என்றேன். ஜப்பான்காரன் இருந்த வருஷங்களில் என்னோடு வேலை செய்தவர்களைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம் என்றேன். இதை நான் அம்மாவிடம் சொன்னதில்லை. இங்கே வந்தால் இங்கேயும் எனக்கென்று ஆள் இல்லை, வருகிறவர்களுக்கு நான் ஒரு கைக்கடிகாரம், அவ்வளவுதான் என்றேன்.

இன்னொரு புளியமரம் தாண்டியதும் அவன் கேட்டான்.

"அப்பறம் எதுக்குங்க திரும்பிப் போறீங்க?"

"டிக்கெட் எடுத்தாச்சு" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. கோட்டை மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசி மைல் முழுவதும் அவன் என்மேல் வெயில் படாதபடி மறைத்துச் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்தான். மைதானத்தில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்து மறுபடி பிரித்துப் பிடித்தார்கள். நான் அதைத் தாண்டி ஒரு லாரியின் நிழலில் படுத்துக்கொண்டேன். ஒருவர் வாழைப்பழம் கொடுத்தார். நல்லா ஓடினீங்க என்று அவர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு, மனது அன்றைக்குத்தான் கொஞ்சம் காலியாக இருந்தது.

6

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது, இரண்டாவது ஓலை வாசித்தாகிவிட்டது, யாரும் தடை சொல்லவில்லை என்று அம்மா சந்தோஷமாக இருந்தாள். நான் நாற்காலியில் சாய்ந்து, உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டிருந்தேன். லூர்து இன்னொரு செம்பு வெந்நீரோடு வந்தாள். சூசைராஜிடம் சொன்னதை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். அவளுக்கு நல்லது செய்துவிட்டேன் என்றுகூட உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்தது. தங்கை அந்தத் தூரத்துக்கு வந்து கஷ்டப்படவேண்டாம், சங்ககிரியிலேயே இருந்துகொள்ளட்டும் என்று.

அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"நான் போகணும்னுதான் இந்தக் கல்யாணத்துக்குச் சரின்னேன்" என்றாள். "உனக்குத் தெரியுமா?"

நீ என்று சொன்னாள். வந்த நாளிலிருந்து சொல்லாத நீ.

அவள் குரலை உயர்த்தவில்லை. நீ கப்பல் ஏறினாய், நான் ஸ்டேஷனில் நின்று கையாட்டினேன் என்றாள். அப்பா படுத்தபோதும், அவர் போனபோதும், அம்மாவுக்குக் கண் மங்கியபோதும் நான்தான் இங்கே இருந்தேன் என்றாள். பள்ளிக்கூடம், கோவில், இந்த வீடு. மூன்றுக்கும் நடுவில் நடந்து நடந்து எனக்கு இருபத்தெட்டு ஆகிவிட்டது, வேறு ஒரு ஊரை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று எனக்கு இருக்காதா என்று கேட்டாள்.

"உனக்கு அங்க நல்லா இல்ல. எனக்கு எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது. நீயே சொல்லி முடிச்சிட்டியே அண்ணா."

வந்த நாளிலிருந்து எல்லோரும் என்னிடம் எதையாவது கேட்டார்கள் என்று நான் சலித்துக்கொண்டிருந்தேன். கேட்காமல் இருந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் அவளுக்கு ஒன்றும் வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் காலை எனக்குக் கால் மடங்கவில்லை. வாசல் படியில் பக்கவாட்டாக இறங்கினேன். சங்ககிரி போய்ச் சூசைராஜைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். லூர்து பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, நானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டினாள். கல்யாணத்துக்கு முன் பெண் போய் மாப்பிள்ளையைப் பார்ப்பதா என்று அம்மா வாசலை மறித்து நின்றாள். லூர்து அவள் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டு வெளியே வந்தாள்.

புக்கிங் ஆபீஸ் ஒரு தகரக் கொட்டகை. சூசைராஜ் துணி பேல்களுக்கு நடுவில் நின்று பில் எழுதிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் பென்சிலைக் காதில் செருகுவதற்குப் பதிலாகச் சட்டைக் காலருக்குள் செருகினான். உட்கார ஒரு பேலைக் காட்டினான். நான் உட்கார்ந்தேன், நிற்க முடியவில்லை. லூர்து நின்றுகொண்டே பேசினாள். அண்ணன் நேற்று ஏதோ சொன்னாராமே என்றாள்.

"ஆமாங்க. அந்த ஊரு நல்லா இல்லீன்னாருங்க" என்றான்.

"அவருக்கு நல்லா இல்ல. நான் போய்ப் பாக்கணும். நீங்க என்கூட வர்றீங்களா?"

லாரியில் சுமை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். இந்த முறை நான் ஒன்றும் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"புடிக்கலீன்னா திரும்பி வந்துரலாமுங்களா?" என்று அவளிடம் கேட்டான்.

"வந்துரலாம்."

"அப்பச் செரிங்க. வாரேனுங்க."

மூன்றாவது ஓலையும் வாசித்தார்கள். தபசுக்கு முந்தின வாரம் கல்யாணம் நடந்தது. அந்தோணிசாமிக்கு இதெல்லாம் தெரியாது.

7

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் நான் கப்பலேறினேன். ஈப்போ வந்ததும் சூசைராஜுக்குப் பெர்மிட் வாங்க அலைய ஆரம்பித்தேன். பழைய காலம்போல ஆள் வந்து இறங்க முடியாது. லாரி புக்கிங் தெரிந்தவனை எதற்குக் கடல் கடந்து கொண்டுவர வேண்டும் என்று ஆபீஸில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறைந்தது. அதைக் கொண்டுபோனால் முந்தின தாளுக்குக் காலம் கடந்திருந்தது. இரண்டு வருஷம் இப்படிப் போனபின் ஒரு நாள், அங்கே இருந்த சீக்கியக் குமாஸ்தா சலித்துப்போய், அந்த ஆளை விடு, அவன் மனைவி என்ன செய்கிறாள் என்று கேட்டார். டிரெய்னிங் படித்த டீச்சர் என்றேன். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவர் பேனாவை மேஜையில் போட்டார். தமிழ்ப் பள்ளிகளுக்கு டீச்சர் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்த சமயம். பெர்மிட் லூர்து பெயரில் வந்தது. சூசைராஜ் அவள் கணவன் என்கிற வகையில் சேர்ந்து வந்தான். கண் மங்கிய அம்மாவைத் தன்னோடு கூட்டிவர லூர்து எவ்வளவோ முயன்றாள். அம்மா மறுத்து, சித்தி வீட்டுக்குப் போனாள். அங்கேயே காலமானாள். அது ஒரு பெரிய வருத்தம். அதை நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

சூசைராஜ் இங்கே ஒரு பஸ் கம்பெனியில் சாமான் கட்டும் பிரிவில் இருக்கிறான். ஊர் பிடித்திருக்கிறதா என்று நானும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. லூர்துவைக் கேட்கவே வேண்டாம். வந்த ஆறே மாதத்தில் மீன்காரனோடு மலாயில் பேரம் பேசினாள். ரோஸ் அத்தையிடம்தான் தமிழ் எழுதக் கற்றுக்கொள்கிறாள். அத்தையோடு சண்டை போடுவது மட்டும் மலாயில்.

போன வருஷம் நாங்கள் குடியுரிமைக்கு மனுப் போட்டோம். அதற்கு மலாயில் நேரில் கேள்வி கேட்பார்கள். லூர்துவை ஐந்து நிமிஷத்தில் முடித்து அனுப்பினார்கள். என்னை அழைத்து, என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், எப்போது வந்தாய் என்று அதிகாரி கேட்டார். தினமும் காதில் விழுகிற பேச்சுதான். ஆனால் அந்த மேஜைக்கு முன்னால் எனக்கு ஒரு சொல்லும் எழவில்லை. எழுந்ததெல்லாம் தமிழாக வந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இங்கே இருப்பவன் என்று தாளில் போட்டிருக்கிறது. அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கதவருகில் நின்றிருந்த லூர்து உள்ளே வந்து, அவரிடம் மலாயில் வேகமாக ஏதோ சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். இன்னும் இரண்டு சின்னக் கேள்விகளை மெதுவாகக் கேட்டு, பதிலுக்கு நான் தலையாட்டியதையே ஏற்றுக்கொண்டு, முத்திரை குத்தினார்.

வெளியே வெயிலில் பஸ்ஸுக்கு நின்றோம். அவரிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். அவள் குடையை விரித்து எனக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

"எங்கண்ணன் ரொம்ப நாளைக்கு முன்னாடி கிளம்பினவரு, இன்னும் வந்து சேரல, கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னு சொன்னேன்" என்றாள்.